படிவத்தில் வந்ததை எதில் வாங்குவது: ரெக்வெஸ்ட், போஸ்ட், ஃபில்டர் இன்புட்

காரைக்குடியில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து தருகிறேன். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு ஐந்து வருடம் முன்பு எழுதிக் கொடுத்த ஆர்டர் படிவத்தைப் போன மாதம் பிரித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று. படிவ மதிப்புகளை வாங்க பிஎச்பி என்ற நிரல்மொழியில் உள்ள வழிகளை அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

படிவத்தில் உள்ள பெயரே நேராக நிரலில் ஒரு மாறி (variable) ஆகிவிடும் ரிஜிஸ்டர் குளோபல்ஸ் வசதி 2012இல் பிஎச்பி 5.4 வந்தபோதே நீக்கப்பட்டுவிட்டது. அதை விட்டுவிடலாம். தேடலுக்கு கெட் (மதிப்பு இணைய முகவரியிலேயே போகும்), ஆர்டருக்கு போஸ்ட் (முகவரியில் தெரியாமல் போகும்) என்பதும் தெரிந்த விஷயம்.

பழைய படிவத்தில் நான் எல்லாவற்றையும் ரெக்வெஸ்ட் என்ற அணியில்தான் (array) வாங்கியிருந்தேன். கெட், போஸ்ட் எதில் வந்தாலும் ஒரே இடத்தில் கிடைக்கிறது, எழுதச் சுலபம். நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் தளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றினோம். தேவகோட்டைக்கு என்று தேர்ந்தெடுத்த ஆர்டர் பதிவேட்டில் காரைக்குடி என்று ஏறியது. வண்டி கிளம்பும் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

காரணம் இதுதான். ரெக்வெஸ்டில் எவையெல்லாம் சேரும், எது எதை மேலெழுதும் என்பதை சர்வரின் அமைப்புக் கோப்பு தீர்மானிக்கிறது. பழைய சர்வரில் ரெக்வெஸ்ட் ஆர்டர் என்ற அமைப்பு கெட், போஸ்ட் இரண்டுக்கு மட்டும் என்று இருந்தது. புதியதில் அது காலி. காலியாக இருந்தால் பிஎச்பி குக்கியையும் (தளம் வாடிக்கையாளரின் உலாவியில் வைக்கும் சின்னக் குறிப்பு) சேர்த்துக்கொள்ளும், அதுவும் கடைசியில். வாடிக்கையாளர் போன தடவை தேர்ந்த ஊரை நினைவில் வைக்க, 'ஊர்' என்ற பெயரிலேயே ஒரு குக்கி வைத்திருந்தேன். அது படிவத்தில் வந்த ஊரின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, விடை மட்டும் மாறிவிட்டது. பராமரிப்பு என்று பார்த்தால் இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடு தெருவுக்குத் தெரு நீளும், இரண்டு பக்கமும் வாசல். சாமான் எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் ஓட்டு போஸ்டுக்கு. எந்த சர்வரில் வைத்தாலும் குக்கி அதற்குள் நுழையாது. மதிப்பு வராமல் போனால் எச்சரிக்கை வரும், இரட்டைக் கேள்விக்குறி போட்டு ஒரு மாற்று மதிப்பு கொடுத்துவிட்டால் சரி.

ஃபில்டர் இன்புட் எண்களுக்கு நன்றாக இருக்கிறது. எத்தனை கல் என்பதை முழு எண்ணா, ஒன்றுக்குக் குறையாமலா என்று வாங்கும்போதே பார்த்துவிடும். மதிப்பு வராவிட்டால் நல் (வெறுமை), தவறாக வந்தால் ஃபால்ஸ் (பொய்) தரும். இரண்டையும் மூன்று சமக்குறியால்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். உரைக்கு அதை நம்ப மாட்டேன். அதில் இருந்த சானிடைஸ் ஸ்ட்ரிங் வடிகட்டி, 10" × 10" என்று அங்குலக் குறியோடு வந்த அளவை அம்பர்சாண்டும் (&) எண்ணுமாகச் சிதைத்துப் பதிவேட்டில் போட்டது. பிஎச்பி 8.1இலிருந்து அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். உரையை வந்தபடி சேமித்து, திரையில் காட்டும்போது ஹெச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் (குறிகளை வெறும் எழுத்தாகவே காட்டவைக்கும் செயற்கூறு) போடுவதே ஒழுங்கு. தரவுத்தளத்துக்குப் போகும்போது ப்ரிபேர்ட் ஸ்டேட்மென்ட், அதாவது கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடுக்கும் முறை.

எதில் வாங்கினாலும் நீளத்தை எம்பி ஸ்டர்லென்னால் அளந்துகொள்ளுங்கள். கானாடுகாத்தான் என்பது நம் கணக்கில் ஏழு எழுத்து. எம்பி ஸ்டர்லென் துணைக்கால், புள்ளி போன்றவற்றையும் தனியாக எண்ணி 14 என்னும். பைட்டை எண்ணும் வெறும் ஸ்டர்லென்னுக்கு அது 42. 40க்கு மேல் கூடாது என்று வைத்திருந்தால் அந்த ஊர்க்காரர் ஆர்டரே போட முடியாது.

லாராவெல் என்ற பிஎச்பி சட்டகத்தில் (framework) சரிபார்ப்பு விதிகளைத் தனியாக எழுதலாம். ஒரே ஒரு சின்ன வேலைக்குத்தான் அதைத் தொட்டிருக்கிறேன், பெரிய தளத்துக்கு அதுவே மேலாக இருக்கக்கூடும்.

பட்டறைப் படிவத்தில் இப்போது எண்ணிக்கை மட்டும் ஃபில்டர் இன்புட் வழியாக வருகிறது. பெயர், ஊர், அளவு, முகவரி எல்லாம் போஸ்ட். குக்கியின் பெயரையும் 'கடைசி ஊர்' என்று மாற்றிவிட்டேன்.