புல்டாக் சிகரெட் அட்டைகள்: ரூ. 18,500 பறிகொடுத்தேன், கவனம்

இன்று காலை இணையச் சந்தையிடமிருந்து வந்த கடைசிப் பதிலையும் படித்துவிட்டு, ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

புல்டாக் படமுள்ள பழைய பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகளைப் பத்து ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். ஜான் பிளேயர் நிறுவனம் ஆர்தர் வார்டில் வரைந்த நாய்த் தலைகளை 1929-இலும், முழு உருவங்களை 1931-இலும், வரிசைக்கு 50 அட்டைகளாகத் தன் சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தந்தது. அவ்விரு வரிசைகளும் முழுமையாக இருப்பதாகப் பழம்பொருள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில் விளம்பரம் கண்டேன். புல்டாக்கை மட்டும் பிரித்துத் தர முடியாது என்று விற்பவர் மறுத்ததுகூட, பொருளின் அருமை தெரிந்தவர் என்ற எண்ணத்தையே எனக்குத் தந்தது.

கேரள மலைநாட்டுப் பீர்மேட்டில் தம் தாத்தா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை, ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஆல்பம் இது என்று தொலைபேசியில் சொன்னார். என் தாத்தாவும் தக்கலையிலிருந்து அந்த மலைக்கு வேலைக்குப் போனவர்தான். அதைச் சொன்னதும், “அப்போ நீங்க நம்ம ஆளு அண்ணாச்சி, தளத்துக்கு எதுக்குக் கமிஷன்? நேரா எனக்கே போட்டுருங்க” என்றார். அந்த ஒரு சொல்லில் நம்பிவிட்டேன். ரூ. 22,000 என்றிருந்த விலையைக் குறைத்தார், அன்றிரவே ரூ. 18,500 அனுப்பினேன்.

உறையைப் பிரித்ததும் புது மையின் வாடை அடித்தது. தொண்ணூறு ஆண்டுப் பழைய அட்டையில், அதுவும் மலைநாட்டு ஈரத்தில் இருந்ததில், ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லை. கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். நூறு அட்டைகளும் நீலமாக ஒளிர்ந்தன. அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டி இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தாளில் கிடையாது. அத்தனையும் மறுஅச்சு.

கூரியர்காரர் மாற்றியிருப்பார் என்றார் விற்றவர் முதலில். பிறகு, எனக்குப் பழைய தாளைப் பார்க்கத் தெரியவில்லை என்றார். மூன்றாம் நாள் என் எண்ணையே தடை செய்துவிட்டார். தளத்தினரோ, பணம் தங்கள் வழியாக வராததால் பொறுப்பேற்க இயலாது என்ற ஒரே வரியை நான்கு முறை அனுப்பினார்கள். என் ரூ. 18,500 குறித்து 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். புற ஊதா விளக்கின் கீழ் காணொளி கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். அந்தப் ‘பீர்மேட்டு ஆல்பம்’ இப்போதும் அதே படங்களுடன் விற்பனைக்கு இருக்கிறது.