டெபியனில் ஹுவாவே ஈ3372எச் டாங்கிள்: டிரைவர் தேட வேண்டியதில்லை, பேண்ட் பார்த்து வாங்க வேண்டும்

லினக்ஸ் கணினிக்கு 4ஜி டாங்கிள் (சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் நெட் கருவி) வாங்குவதாக இருந்தால் ஹைலிங்க் வகையையே, அதாவது இணைப்பைத் தானே ஏற்படுத்திக்கொள்ளும் வகையையே வாங்குங்கள். நான் வைத்திருப்பது ஹுவாவே ஈ3372எச், கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ், க்னோம் திரை. சிறுமலையில் எங்கள் பக்கம் ஃபைபர் இன்னும் வரவில்லை. புத்தகப் பக்க வடிவமைப்புதான் என் தொழில். ஸ்கிரைபஸில் முடித்த பிடிஎஃப்களை அச்சகத்துக்கு ஏற்ற ஒழுங்கான இணைப்பு வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம்தான், ஆனால் அந்த போன் தோட்டத்துக்குப் போனால் நெட்டும் கூடவே போய்விடும். கணினிக்கென்று தனியாக ஒரு சிம் இருப்பதில் உள்ள நிம்மதி வேறு.

இந்த டாங்கிளைச் செருகியதும் அது தன்னை மோடம் என்று சொல்லாது. விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகள் அடங்கிய சிடி டிரைவாகத்தான் முதலில் தெரியும். விண்டோஸில் அந்த மென்பொருளை நிறுவினால்தான் உள்ளே இருக்கும் மோடம் வெளியே வரும். லினக்ஸில் இந்த வேலையை யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் பார்த்துக்கொள்கிறது. ஜோசுவா டீட்சே என்பவர் எழுதியது. எந்த எண்ணுள்ள சாதனத்துக்கு எந்தச் செய்தியை அனுப்பினால் அது மோடமாக மாறும் என்ற பட்டியல் அதனுடன் வருகிறது. செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் 12டி1:1எஃப்01 என்று இருந்தது கொஞ்ச நேரத்தில் 12டி1:14டிசி என்று மாறியிருக்கும். அவ்வளவுதான், மோடம் தயார். ஒவ்வொரு டாங்கிளாகப் பிடித்து, அது என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்து, எல்லோருக்கும் இலவசமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உங்கள் டெபியனில் இந்த யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் தொகுப்பு இல்லையென்றால் நிறுவிக்கொள்ளுங்கள். நெட் வருவதற்கு முன் நெட் வேண்டுமே என்றால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் போதும்.

மாறிய பிறகு லினக்ஸ் இதை ஒரு சாதாரண ஈதர்நெட் கார்டாகத்தான் பார்க்கிறது. இணைப்பை ஏற்படுத்துவது, ஐபி முகவரி கொடுப்பது எல்லாம் டாங்கிளுக்குள்ளேயே நடக்கிறது. நெட்வொர்க் மேனேஜரில் 'வயர்டு' என்று ஒரு இணைப்பு தானாக வந்துவிடும். பழைய 3ஜி மோடம்களுக்கு டபிள்யூவிடயல் என்ற டயல் நிரலின் கோப்பில் *99# என்று எழுதி டயல் செய்த வேலை எதுவும் இங்கே இல்லை. பிரவுசரில் 192.168.8.1 என்று போட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். ஏபிஎன், அதாவது சிம் நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழையும் வாசலின் பெயர், கொடுப்பது அங்கேதான்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எஸ்எம்எஸ் படிக்கவும் அங்கேயே இடம் இருக்கிறது, ரீசார்ஜ் செய்தி, ஓடிபி எல்லாம் பார்க்கலாம். விளக்கு நீலப்பச்சையாக நிலைத்து எரிந்தால் 4ஜியில் இருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் எனக்கு ஏபிஎன் சரியாக அமையாமல் இணைப்பு வரவில்லை. சிம் கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். "மேடம், லினக்ஸுக்கு எங்ககிட்ட சப்போர்ட் இல்ல, விண்டோஸ் சிஸ்டத்துல போட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஏபிஎன் பெயர் மட்டும். அது எந்த இயங்குதளத்துக்கும் ஒன்றுதான். அதைச் சொல்லக்கூட ஆளில்லை என்பது வாடிக்கையாளரை மதிக்காத செயல். கடைசியில் அதே சிம்மை போனில் போட்டு, ஏபிஎன் அமைப்பில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஒரு அமைப்பை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். கணினி இதை வயர்டு இணைப்பு என்று நினைப்பதால், அளவில்லாத நெட் என்று எடுத்துக்கொண்டு பின்னணியில் அப்டேட்களை இறக்க ஆரம்பிக்கும். தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று பிளான் போடுகிறவர்களுக்கு இது தாங்காது. க்னோம் அமைப்புகளில் அந்த இணைப்பைத் திறந்து 'மீட்டர்டு' என்பதை டிக் செய்துவிட்டால் தானாக இறக்குவது நின்றுவிடும்.

இனி வாங்குவதைப் பற்றி. நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மாடல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்தான் முக்கியம். 153 என்பது ஐரோப்பாவுக்கானது, அதில் 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40 என்ற அலைவரிசை கிடையாது. 607இல் அது உண்டு. நம் ஊரில் ஜியோவும் ஏர்டெல்லும் 2300ஐப் பயன்படுத்துவதால் 607தான் நமக்குப் பொருத்தம். கடைத் தம்பி, "எல்லாம் ஒண்ணுதான்க்கா, 4ஜி வரும்" என்றார். ஒன்றல்ல, எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். இன்னொன்றும் இருக்கிறது: 607இலும் 850 மெகாஹெர்ட்ஸ் இல்லை. ஜியோவின் 850தான் தூரத்துக்கும் சுவர் தாண்டியும் எட்டும். உங்கள் வீட்டில் அது மட்டும்தான் கிடைக்கிறது என்றால் இந்த டாங்கிளில் சிக்னலே வராது. போனில் ஏதாவது சிக்னல் ஆப் போட்டு எந்த பேண்ட் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் வீட்டில் 1800 வருகிறது, அதனால் தப்பித்தேன்.

வேகத்தைப் பொறுத்தவரை அட்டையில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பார்கள். அது நான்காம் வகை எல்டிஇ (4ஜி) கருவியின் உச்ச வரம்பு, மலையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். நல்ல யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள் ஒன்று வாங்கி டாங்கிளை ஜன்னலோரம் தொங்கவிட்டதில் எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பெரிய பிடிஎஃப் ஏற்றும்போது நடுவில் அறுந்துபோவது நின்றுவிட்டது.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வழி) மூலம் நுழைய நினைப்பவர்களுக்கு. டாங்கிள் ஒரு ரூட்டராக நடுவில் நிற்கும், அதற்கு மேல் மொபைல் நிறுவனமும் பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுத்தான் தருகிறது. அதேபோல் ஏடி கட்டளைகள் கொடுத்து மோடமை நேரடியாக ஆட்டிவைக்க விரும்புபவர்கள் 'எஸ்' என்று முடியும் ஈ3372எஸ்ஸைப் பாருங்கள். அது லினக்ஸில் மோடம்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜரின் கையில் நேராக வரும், அதன் எம்எம்சிஎல்ஐ கட்டளையில் சிக்னல் அளவுவரை எல்லாம் கிடைக்கும். இரண்டிலும் பழைய பெரிய சிம் அளவுதான், நானோ சிம்முக்கு அடாப்டர் ஒன்றையும் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.