ஜவ்வு விலகல்: ஆபரேஷனா, பொறுத்திருப்பதா?

போன கோடையில் லாரித் தண்ணீர் பிடித்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கத் திரும்பினேன், முதுகில் சுருக்கென்று பிடித்தது. மூன்றாம் நாள் வலி முதுகை விட்டுவிட்டு வலது காலின் சுண்டுவிரல் வரை இறங்கிவிட்டது. வேலூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகெலும்பின் அடிப்பகுதியில், எல்5–எஸ்1 என்று குறிக்கும் இரண்டு கணுக்களுக்கு இடையில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. ராணிப்பேட்டையில் ஷூ தைக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்தே உட்கார வேண்டும்.

என் அண்ணனுக்கு அதற்கு முந்தைய வருடமே இதே தொல்லை வந்தது, ஒரு கணு மேலே, எல்4–எல்5இல். அவர் ஆபரேஷன் செய்துகொண்டார். நான் பயிற்சியோடு பொறுத்திருந்தேன்.

எங்கள் பக்கம் இடுப்பு பிடித்தாலே "புத்தூர் கட்டு போட்டுட்டு வா" என்பார்கள். அது எலும்பு முறிவுக்குப் பேர்போனது, இங்கே எதுவும் முறியவில்லை. நரம்பு அழுந்தியிருக்கும்போது முதுகை முறுக்கி இழுப்பவர்களிடம் போகவே கூடாது. படுத்தே கிடப்பதும் வேண்டாம், ஓரிரு நாளுக்கு மேல் படுத்தால் தசைதான் தளரும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி நான் போட்டுக்கொள்ளவில்லை. கூட வேலை செய்யும் அக்காவுக்குச் சில வாரம் நிம்மதி தந்தது, அப்புறம் வலி திரும்பியது. ஒருவர் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஊசி வீக்கத்தைத்தான் குறைக்கும், பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளாது.

மீதி இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு, என்னைக் கேட்டால், ஒரே அளவுகோல்தான்: காலம். பிதுங்கிய ஜவ்வைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் கால்வலி இருந்த 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. சீக்கிரம் ஆபரேஷன், பொறுத்திருப்பது என்று இரண்டு தரப்பாகப் பிரித்ததில், ஆபரேஷன் தரப்புக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் நடுவில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அப்படியானால் ஆபரேஷனுக்குக் கொடுக்கிற பணம் பெரும்பாலும் அந்தச் சில மாதங்களுக்கான விலை. எனக்கு அந்த மாதங்களைத் தாங்க முடிந்தது. கம்பெனியில் நின்று செய்யும் வேலைக்கு மாற்றினார்கள், வீட்டில் அம்மா இருந்தார்கள்.

அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் என்பது மட்டும் காரணமில்லை. அவருக்கு வலது பாதத்தைத் தூக்க வரவில்லை, நடந்தால் செருப்பு தரையில் இழுபட்டது. கால் பலம் குறைந்துகொண்டே போனால் பொறுத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவருடைய கால்வலி ஆபரேஷன் முடிந்த மறுநாளே போய்விட்டது. பாதம் தேறத்தான் மாதங்கள் ஆயின.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் முதலில் கற்றுக்கொடுத்தது, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது. வலி காலிலிருந்து மேலேறி இடுப்புக்கு வந்தால் நல்ல அறிகுறி, கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்றார். இடுப்பில் வலி கூடியதைப் பார்த்து நான் பயந்த வாரத்தில்தான் கால் லேசாகியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் கோட்டை அகழியோரம் நடந்தேன். நான்காம் மாதம் மெஷினுக்குத் திரும்பினேன்.

ஆபரேஷன் செய்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே என்று நினைத்த நாள்கள் உண்டு. அண்ணன்தான் தெளிய வைத்தார். "எனக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்காங்க தங்கச்சி. விட்டா அதே இடத்துல திரும்பவும் பிதுங்கலாமாம்." இப்போது காலையில் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் பாய் விரிக்கிறோம். அவர் மூட்டை ஏற்றுவதில்லை, நான் குடத்தை இடுப்பில் வைப்பதில்லை. என் சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.