பல்பில் அறிவா, சுவிட்சில் அறிவா?

வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டாயிற்று; அடுத்து லைட்டுகளை அதில் சேர்க்க வேண்டும். ஸ்மார்ட் பல்ப் வாங்குவதா, இருக்கும் பல்பை அப்படியே விட்டு சுவிட்சுக்குப் பின்னால் ரிலே மாட்யூல் (சொன்னபடி லைட்டுக்குக் கரண்டை விடும், நிறுத்தும் குட்டிப் பெட்டி) வைப்பதா? இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ரிலேவுக்கு. பல்புக்கும் ஒரு மூலை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பல்புக்கு எலக்ட்ரீஷியன் வேண்டாம். நம்ம ஊர் பின் ஹோல்டருக்கே கிடைக்கிறது. அழுத்தித் திருப்பினால் முடிந்தது. நிறம் மாற்றலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம். சிக்கல் சுவரில்தான். யாராவது சுவிட்சை அணைத்தால் பல்புக்குக் கரண்டே இல்லை. திரையில் அது 'அன்அவைலபிள்' என்று கிடக்கும். அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு வருவது நம் வீடுகளில் கைக்கு ஊறிய பழக்கம். சுவிட்ச் மேல் டேப் ஒட்டிப் பார்த்தேன். இரண்டே நாளில் டேப்பைக் காணோம்.

இன்னொன்று கரண்ட் கட். பல பல்புகள் கரண்ட் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் வருகின்றன. ராத்திரி 3 மணிக்குப் படுக்கையறை கல்யாண மண்டபமானால் எப்படி இருக்கும்? 'பவர்-ஆன் பிஹேவியர்' என்ற செட்டிங் இருந்தால் 'முன்பிருந்த நிலை' என்று மாற்றிவிடலாம். எல்லா பல்பிலும் அது கிடையாது. வாங்கும் முன்பே பாருங்கள்.

ரிலே மாட்யூல் தீப்பெட்டி அளவுதான். ஃபேஸ், நியூட்ரல், லைட்டுக்குப் போகும் ஒயர், பழைய சுவிட்சுக்கு இரண்டு முனை. சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும். ஹோம் அசிஸ்டன்ட் படுத்துவிட்டாலும் லைட் எரியும். எனக்கு இந்த ஒன்றே போதும். அமெரிக்க வீடியோக்களில் நியூட்ரல் இல்லை என்று புலம்புவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்: போர்டில் 5 ஆம்ப் சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும். இன்வெர்ட்டர் லைனும் அதே போர்டில் இருந்தால்தான் கவனம். எந்த ஃபேஸுக்கு எந்த நியூட்ரல் என்று பார்க்காமல் கோர்த்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகலாம். மெயின் பெட்டியில் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

நியூட்ரல் வேண்டாத மாட்யூலும் உண்டு. அது பல்பு வழியாகவே துளி கரண்டை இழுத்து உயிர் வாழும். வாட் குறைந்த எல்இடி என்றால் அணைத்த பிறகும் மினுக்கும்; அதற்கு லைட் பக்கத்தில் ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் மாட்ட வேண்டும். ஃபேனுக்கு வெறும் ரிலே வைத்தால் ஆன், ஆஃப் மட்டும்தான்; வேகம் மாற்ற அதற்கென்று வரும் மாட்யூல் தேவை.

அடுத்த கேள்வி, மாட்யூல் ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேசுவது வைஃபையிலா, ஜிக்பீயிலா (ஸ்மார்ட் சாதனங்களுக்கான இன்னொரு வயர்லெஸ் முறை). நாலைந்து மாட்யூல் என்றால் வைஃபை போதும், தனி ஹப் வேண்டாம். ஆனால் நெட் போனால் முடங்கும் கிளவுட் சரக்கை வாங்காதீர்கள். ஷெல்லி பிராண்ட் போலவோ, டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் என்ற இலவச மென்பொருள் ஏற்றியவை போலவோ வீட்டுக்குள்ளேயே பேசுவது நல்லது. எண்ணிக்கை கூடினால் ஜிக்பீ. ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் கம்ப்யூட்டரில் ஜிக்பீக்கு ஒரு யுஎஸ்பி டாங்கிள் போதும். அதை நேராகச் செருகாமல் ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வையுங்கள், யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். நியூட்ரல் உள்ள ஜிக்பீ மாட்யூல்கள் பெரும்பாலும் அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும். பல்பும் கடத்தும்தான், சுவிட்சை அணைக்கும் வரை! வெவ்வேறு கம்பெனி சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022 அக்டோபரில் வந்த 'மேட்டர்' என்ற பொது முறை நல்ல திசை. ஆனால் அதற்காகக் காத்திருந்து இன்றைய வேலையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

பல்புக்கு நான் கொடுத்த மூலை, ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும் விளக்கு. அதன் சுவிட்ச் சோபாவுக்குப் பின்னால், யார் கைக்கும் எட்டாது. மாடிப்படியில் மேலும் கீழும் இருக்கும் டூ-வே சுவிட்சை மட்டும் இன்னும் தொடவில்லை. கீழ்ப் பெட்டியைத் திறந்தால் மூன்று ஒயர், மூன்றும் சிவப்பு.