எஸ்பிஐ ஜூனியர் அசோசியேட்டா, ஐபிபிஎஸ் கிளார்க்கா?

இரண்டும் வங்கி எழுத்தர் வேலைக்கான தேர்வுகள். ஒன்றை பாரத ஸ்டேட் வங்கி (எஸ்பிஐ) நடத்துகிறது; மற்றதை, பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வுசெய்யும் அமைப்பான ஐபிபிஎஸ் நடத்துகிறது (2025 முதல் அதில் கிளார்க் பதவிக்கு ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று பெயர்). ஏதேனும் ஒரு பட்டம், 20 முதல் 28 வயது, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு, நேர்காணல் கிடையாது. இதுவரை இரண்டும் ஒன்றுதான். முதல்நிலைத் தேர்வும் அதே 100 கேள்வி, ஒரு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். இரண்டையும் தமிழிலேயே எழுதலாம், ஆங்கிலப் பகுதி நீங்கலாக. முதல்நிலை மதிப்பெண் இறுதிப் பட்டியலுக்கு வராது.

வேறுபாடு வேலை கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. எஸ்பிஐ தனக்கு மட்டும் ஆள் எடுக்கிறது. ஐபிபிஎஸ் இந்தியன் வங்கி, கனரா, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்ளிட்ட 11 பொதுத்துறை வங்கிகளுக்குச் சேர்த்து எடுக்கிறது. எந்த வங்கி என்பதை உங்கள் மதிப்பெண்ணும் விருப்ப வரிசையும் முடிவுசெய்யும். அந்த வரிசையைப் பலர் அவசரத்தில் நிரப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வீட்டில் உட்கார்ந்து பேசி நிரப்புங்கள்.

இரண்டிலும் ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும், அந்த மாநில மொழி எழுதப் படிக்கப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். எஸ்பிஐயில் பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் படித்த சான்று காட்டினால் மொழித் தேர்விலிருந்து விலக்கு உண்டு. காலியிடம் அதிகம் என்று வேறு மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: பிற மாநிலத்துக்கு மாற்றல் கிடையாது என்று எஸ்பிஐ அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது.

எஸ்பிஐயில் பட்டதாரிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 26,730 ரூபாய். சம்பளத்தை முதலில் பார்ப்பவருக்கு எஸ்பிஐ. பல வங்கிகளில் வாய்ப்பு வேண்டுமென்றால் ஐபிபிஎஸ். கட்டணம் கட்ட முடிந்தால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், பாடம் ஏறக்குறைய ஒன்றுதான்.