வீட்டு வேலை நடக்கும்போது நாயும் பூனையும் எங்கே இருக்கட்டும்?

பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட வேண்டும், பாத்ரூம் ஒழுகலை நிறுத்த வேண்டும், அப்படியே பெயின்டும் அடித்துவிடலாம் என்று முடிவானதும் மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கு கேட்கிறோம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது இன்னொன்று: எந்த நாள் இடிப்பு, எந்த நாள் சிமென்ட், எந்த நாள் தின்னர் டப்பா திறக்கப்படும்? இந்தத் தேதிகள் கையில் இல்லாமல் செல்லப்பிராணிகளுக்கு எந்த ஏற்பாடு செய்தாலும் அது பாதியில் உடையும்.

பெரும்பாலான வீடுகளில் நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து ஒரே முடிவுதான் எடுக்கிறார்கள். "வேலை முடியுற வரைக்கும் போர்டிங்ல விட்டுடலாம்" என்பது ஒன்று. "பின்னாடி ரூம்ல போட்டுப் பூட்டிடலாம்" என்பது இன்னொன்று. மாமா வீட்டுக்கு அனுப்புவது, மொத்தக் குடும்பமும் வாடகை வீட்டுக்கு மாறுவது என்று மேலும் இரண்டு வழிகள் உண்டு. யாரும் அதிகம் யோசிக்காத ஐந்தாவது வழியும் இருக்கிறது. அதைத்தான் நாய்களுக்கு நான் முதலில் சொல்வேன். ஒரு நாட்டு நாயும் இரண்டு பூனைகளும் உள்ள சென்னை வீட்டில் வேலை நடந்தபோது கண்டதையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இவற்றை எடை போடுகிறேன்.

ஒரே அறையில் வைத்துப் பூட்டுவது

பூனைக்கு இதுதான் சிறந்தது. பூனை ஆட்களைவிட இடத்தோடு அதிகம் ஒட்டிக்கொள்ளும் உயிர். தன் வாசனை உள்ள பெட்ஷீட், தன் மலத்தட்டு, ஏறி உட்கார ஓர் உயரம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, இவை இருந்தால் பக்கத்து அறையில் சுவர் இடிந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். அறை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இடிப்பு தொடங்கும் நாளில் அல்ல, ஒரு வாரம் முன்பே பூனையை அங்கே பழக்க வேண்டும். கதவின் அடி இடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டால் தூசி பெரிதும் குறையும். டைல்ஸ் வெட்டும்போது பறப்பது வெறும் மண் தூசி அல்ல, நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா. கட்டிங் மிஷினைத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வெட்டும் வேலையை மொட்டை மாடிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கதவில் "பூனை இருக்கிறது, திறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டினால் போதாது. வேலைக்கு வருபவர்களில் பலர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ் படிக்கத் தெரியாது. பூனைப் படம் ஒன்றை ஒட்டுங்கள், பூட்டுப் போட்டுச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கதவு வழியே பயந்து ஓடும் பூனை தெருவுக்குத்தான் போகும் என்றில்லை. பாதி அடித்த கப்போர்டின் பின்புறம், ஃபால்ஸ் சீலிங்கின் மேல்புறம், டைல்ஸ் ஒட்டாமல் விட்ட பாத்டப்பின் அடிப்பகுதி என்று உள்ளே புகுந்துகொள்ளும். மாலையில் கார்பென்டர் பலகையை அடித்து மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் தினமும் ஆட்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு பூனையையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இந்த வழி எங்கே தோற்கிறது? கரண்ட் வேலை நடக்கும் நாட்களில். சென்னையில் பெயின்ட் வேலையை மழை இல்லாத மாதங்களில்தான் வைத்துக்கொள்கிறோம். அது இழுத்துக்கொண்டு ஏப்ரல், மே வரை போகும். ஒயரிங் மாற்ற மெயினை அணைத்தால் மூடிய அறையில் ஃபேன் ஓடாது. அந்தப் புழுக்கத்தில் பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு உயிரே போகும். பூனைக்கும் நல்லதல்ல. கரண்ட் இல்லாத பகலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பூனைக்கு மன அழுத்தம் சிறுநீர்ப்பையில் இறங்கும். ஆண் பூனை தட்டுக்கு அடிக்கடி போய், முக்கி முக்கி உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால் "மலச்சிக்கல் போலிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். அடைப்பு ஏற்பட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துபோகக்கூடும். அன்றைக்கே மருத்துவமனை. அதேபோல இரண்டு நாளாகச் சாப்பிடாத பூனையும், குறிப்பாகக் குண்டுப் பூனை, கல்லீரலில் கொழுப்பு படிந்து நோயாளியாகிவிடும்.

நாயை இப்படி அடைப்பது வேறு கதை. நாய்க்கு நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேலான அதிர்வெண் வரை கேட்கும். டிரில் மிஷினின் கீச்சொலி அதன் காதில் நமக்குக் கேட்பது போலவா கேட்கும்? அதற்கு மேல் வீட்டுக்குள் புது ஆட்கள். காவல் காக்க வேண்டிய நாய் கதவுக்குப் பின்னால். நாள் முழுக்கக் குரைத்து, கதவைப் பிறாண்டி, மாலையில் தளர்ந்து கிடக்கும். ஒரு நாள் தாங்கும். மூன்று வாரம் அதைச் செய்வது கொடுமை.

போர்டிங்

நல்ல விடுதி கிடைத்து, ஏற்கெனவே அங்கே தங்கிப் பழகிய, ஆட்களோடும் மற்ற நாய்களோடும் ஒத்துப்போகும் நாயாக இருந்தால், இடிப்பு நடக்கும் சில நாட்களுக்கு போர்டிங் நிம்மதி. விடுதியைச் சோதிக்க எளிய வழி: அவர்கள் உங்களைச் சோதிக்கிறார்களா என்று பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காமல் நாயை வாங்கிக்கொள்ளும் இடத்தில் விடாதீர்கள். உங்கள் நாயை அப்படி வாங்குகிறார்கள் என்றால் பக்கத்துக் கூண்டு நாயையும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஊசிகள் கட்டாயம். கென்னல் காஃப் (நாய்களிடையே பரவும் இருமல்) ஊசி பல வீடுகளில் போட்டிருக்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் போட்டால் பலன் தராது, முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். முழு ஊசிகளும் முடியாத குட்டியை எந்த விடுதிக்கும் அனுப்பக் கூடாது.

நம் ஊரில் போர்டிங்கின் உண்மையான ஆபத்து உண்ணி. உண்ணிக் காய்ச்சல், உண்ணி கடித்த அன்றே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த ஈறு என்று வெளியே வரும். அதற்குள் வீட்டு வேலையே முடிந்திருக்கும். புது பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவோம். அனுப்பும் முன்பே உண்ணி மருந்து கொடுத்திருக்க வேண்டும், திரும்பி வந்ததும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்.

பூனையை போர்டிங்கில் விடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். வீட்டில் சுவர் இடிக்கும் சத்தத்தைவிட, தெரியாத கூண்டும் எதிர்க்கூண்டு நாயின் குரைப்பும் பூனைக்குப் பெரிய அதிர்ச்சி. விட்டே ஆக வேண்டுமானால் பூனைகளுக்கென்று தனிக்கட்டடம் உள்ள இடம் மட்டும்.

உறவினர் வீடு

செலவில்லாதது, ஆனால் எல்லாம் அந்த வீட்டு ஆட்களைப் பொறுத்தது. நாய் ஏற்கெனவே போய்வந்து பழகிய சித்தி வீடு என்றால் போர்டிங்கைவிட இதுவே மேல். முதல் தடவையாக அனுப்பும் இடமென்றால் கேட்டும் காம்பவுண்டும் எப்படி என்று நேரில் பார்த்துவிடுங்கள். எழுபது வயதுத் தம்பதியிடம் இழுத்துக்கொண்டு ஓடும் லேப்ரடாரை ஒப்படைப்பது அவர்களுக்கும் ஆபத்து.

பாசத்தால் வரும் கேட்டையும் சொல்ல வேண்டும். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று சாம்பார் சாதம் பிசைந்து வைப்பார்கள். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்குமே ரத்த அணுக்களைச் சிதைப்பவை. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். "அத்தே, வெறும் தயிர் சாதம் மட்டும் போதும், வெங்காயம் பட்டது எதுவும் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லி, சாப்பாட்டையும் நீங்களே கொடுத்தனுப்புங்கள்.

பூனையை உறவினர் வீட்டில் விடுவதில் ஒரே பயம், ஓடிவிடுவது. வழி தெரியாத தெருவில் தன் வீட்டைத் தேடிப் புறப்பட்ட பூனையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது தேடியவர்களுக்குத் தெரியும்.

வாடகைக்கு மாறுவது

முழுத் தரையையும் பெயர்க்கிறீர்கள், எல்லா பாத்ரூமையும் ஒரே நேரத்தில் உடைக்கிறீர்கள், தண்ணீர் லைனையே மாற்றுகிறீர்கள் என்றால் இது ஒன்றுதான் நேர்மையான வழி. குடும்பத்துக்கே குளிக்க இடமில்லாத வீட்டில் நாய்க்கு என்ன ஏற்பாடு செய்ய முடியும்? பணம்தான் தடை. அட்வான்ஸ், இரண்டு தடவை சாமான் ஏற்றிய கூலி, நாய் என்றதும் கதவைச் சாத்தும் ஓனர்கள். செல்லப்பிராணி வளர்க்கக் குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆனால் "எனக்கு வேண்டாம்" என்று மறுக்கும் ஓனரிடம் அதைக் காட்டி வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது. மறைத்துக் குடிபோகவும் வேண்டாம். முதல் குரைப்பிலேயே சண்டை வரும். அதே தெருவில் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுங்கள். நாய்க்குப் பழகிய நடைப் பாதை மாறாது, நீங்களும் தினம் வேலையைப் பார்க்கலாம்.

பகலில் வெளியே, இரவில் வீட்டில்

ஐந்தாவது வழி இது. அடுக்குமாடிகளில் பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைதான் இடிக்க அனுமதிப்பார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் நாய் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டிலோ பகல்நேரக் காப்பகத்திலோ இருந்தால், இரவு உங்கள் காலடியில் படுத்துத் தூங்கும். நாய் இடத்தோடு அல்ல, ஆட்களோடு கட்டுண்டது. இரவில் உங்களைப் பார்த்துவிட்டால் பகலைக் கடத்திவிடும். மூன்று வாரம் முழுக்க போர்டிங்கில் விடுவதைவிடச் செலவும் பெரும்பாலும் குறைவு.

இதற்கு விலை, மாலையில் உங்கள் உழைப்பு. நாய் வரும் முன் தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, ஆணி, டைல்ஸ் சில்லு, ஒயர்த் துண்டு எதுவும் கிடக்காமல் பார்க்க வேண்டும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் கண்ணுக்குத் தப்பிய ஆணிகள் ஒட்டும். முக்கியமாக ஈர சிமென்ட். வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காக நாய் அதன் மேல்தான் போய்ப் படுக்கும். சிமென்ட் கடுமையான காரம். பாதமும் வயிறும் வெந்துபோகும், நக்கினால் நாக்கும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிமென்ட் இறுகுவதற்காக மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீரும் அப்படித்தான், குடிக்க விடக் கூடாது.

எந்த ஏற்பாட்டிலும் எல்லோரும் வெளியேற வேண்டிய நாட்கள்

பூனைக்கு அறை, நாய்க்குப் பகல் ஏற்பாடு என்று நான் சொன்னது இடிப்புக்கும் டைல்ஸுக்கும் பட்டி பார்ப்பதற்கும் பொருந்தும். நான்கு வேலைகளுக்குப் பொருந்தாது.

ஒன்று மரப் பாலிஷ். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்ட் சில மணி நேரத்தில் காயும், ஜன்னல் திறந்திருந்தால் வாசனையும் சீக்கிரம் போகும். தின்னர் கலந்த பியு (பாலியூரித்தேன்) பாலிஷும் எனாமலும் அப்படியல்ல. பல நாள் நெடி நிற்கும். பூனை தன் ரோமத்தில் பட்ட எதையும் நக்கி விழுங்கும், அதன் கல்லீரலுக்குப் பல ரசாயனங்களை முறிக்கும் திறன் குறைவு. அதே காரணத்தால் வேலை முடிந்ததும் கருப்பு ஃபினாயில் ஊற்றித் துடைப்பதையும் பூனை வீட்டில் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது பழைய பெயின்டைச் சுரண்டுவது. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவு, ஜன்னல் கிரில்களை எமரி பேப்பரால் தேய்த்தால் வரும் தூசியில் ஈயம் இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஆபத்து.

மூன்றாவது, டைல்ஸ் போட்டு முடித்துக் கறை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் நாள். "அண்ணே, ஆசிட் ஊத்தற அன்னைக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க" என்று முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவையுங்கள். அதே தரையில் பிளீச்சிங் பவுடரையும் போட்டுவிட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

நான்காவது கரையான் மருந்து. எந்த மருந்து என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள், ஏதாவது ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கும் மீனுக்கும் கொடியவை.

மீன் தொட்டியை அசைக்க முடியவில்லை என்றால் மூடிவிட்டு, ஏர் பம்பைக் காற்று நன்றாக உள்ள இடத்தில் வைத்துக் குழாயை நீட்டுங்கள்; பெயின்ட் நெடியுள்ள காற்றை அது தண்ணீருக்குள் இழுத்துவிடும். கூண்டுப் பறவைகளுக்கு எந்தச் சமரசமும் கிடையாது. அவற்றின் நுரையீரல் அமைப்பு நெடியை நம்மைவிட வேகமாக உள்வாங்கும். முதல் டப்பா திறக்கும் முன் கூண்டு வேறு வீட்டில் இருக்க வேண்டும், வாசனை முழுக்கப் போன பிறகுதான் திரும்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் பூனை அறையின் கதவை அகலத் திறந்துவிடாதீர்கள். தரை மாறியிருக்கிறது, வாசனை மாறியிருக்கிறது, சோபா இடம் மாறியிருக்கிறது. பக்கத்து ஓர் அறையை மட்டும் திறந்து, பழைய பெட்ஷீட்டை அங்கே போட்டு, அது தானாக முகர்ந்து வரும்வரை விடுங்கள். மலத்தட்டைப் பழைய இடத்துக்கு மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.