பார்ப்பவர் ஒருவர், சேர்பவர் இன்னொருவர்: இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸ், யூடியூப் ஸ்டூடியோ – ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நீர்வண்ண ஓவியத்தை இணையவழியில் கற்பிக்கும் ஒரு சிறு வகுப்புக்கு விளம்பரப் பணிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆசிரியர் வரைவார், நான் அதைப் படம் பிடித்து, வெட்டி, யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றி, யார் பார்த்தார்கள், யார் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வேன். இந்தக் கணக்குக்காக ஓராண்டுக்கும் மேலாக வாரந்தோறும் திறந்து பார்த்துவரும் இரண்டு இலவசக் கருவிகளையும், மூன்று மாதம் பணம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திய ஒரு கட்டணச் சேவையையும் பற்றி இங்கே எழுதுகிறேன். என் அளவுகோல் எளியது. திரையில் ஓர் எண்ணைப் பார்த்த பிறகு, அடுத்த வாரம் நான் எதையாவது மாற்றிச் செய்தேனா என்பதுதான் அது. எதையும் மாற்றவைக்காத எண், எவ்வளவு அழகான வரைபடமாக வந்தாலும், எனக்கு வெறும் அலங்காரம்.

முதலில் இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸ். வணிகக் கணக்குகள் அறிமுகமான 2016-ஆம் ஆண்டில் அவற்றோடு சேர்ந்தே வந்த வசதி இது. சாதாரணக் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் போதும். தனிக் கட்டணம் எதுவும் இல்லை. பின்தொடர்பவர்கள் குறைந்தது 100 பேராவது சேர்ந்த பிறகே அவர்கள் எந்த நகரத்தார், எந்த வயதினர், ஆண்கள் எத்தனை விழுக்காடு, பெண்கள் எத்தனை விழுக்காடு, எந்த நேரத்தில் செயலியைத் திறக்கிறார்கள் என்ற விவரங்கள் தெரியும். கணக்குத் தொடங்கிய புதிதில் அந்தப் பகுதி காலியாக இருப்பதைப் பார்த்து ஏதோ பழுது என்று நினைத்துவிட வேண்டாம். சிலரை மட்டும் வைத்து விழுக்காடு காட்டினால் ஆளையே அடையாளம் காட்டியதுபோல் ஆகிவிடக்கூடும் என்பதால், அந்த வரம்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இந்த விவரங்களிலேயே எல்லோரும் முதலில் பார்ப்பது வயது வரைபடம். நானும் அதைத்தான் பார்த்தேன். எங்கள் கணக்கில் 18 முதல் 24 வரையிலான வயதினரின் பட்டை மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. உடனே விளம்பர வாசகங்களையெல்லாம் கல்லூரி மாணவர்களை நோக்கித் திருப்பினேன். பின்னணி இசையை மாற்றினேன். ஆசிரியரைக் கொஞ்சம் வேகமாகப் பேசச் சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவே இல்லை. விருப்பக்குறிகள் கூடின, சேர்க்கை கூடவில்லை. அதன்பிறகுதான் சேர்க்கைப் படிவங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 45 வயதைக் கடந்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களும், பிள்ளைகள் வளர்ந்து தங்களுக்கென்று சற்று நேரம் கிடைத்தவர்களும் அவர்களில் அதிகம். தவறு என்னுடையது, இவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள் என்று கருவி எங்கும் சொல்லவில்லை. உங்களைப் பின்தொடர்பவர்கள் இவர்கள் என்றுதான் சொன்னது. அந்த இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது நான்.

அந்த வயது விவரத்துக்கே ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்களிடம் இன்ஸ்டாகிராம் பிறந்த தேதியைக் கேட்கத் தொடங்கியது 2019 டிசம்பரில்தான். பழைய கணக்கு வைத்திருந்தவர்களிடம் 2021-இல் கேட்டது. அப்போதும் பயனர் தட்டச்சு செய்த தேதிதான் அடிப்படை. ஆகவே வயது வரைபடத்தை ஏறத்தாழச் சரியான ஒரு சாயலாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதன்மேல் செலவுத் திட்டத்தைக் கட்டி எழுப்பக் கூடாது.

பின்தொடர்பவர்கள் அதிகமாகச் செயல்படும் நேரம் என்று ஒரு பட்டை வரைபடம் உண்டு. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான மக்கள் வேலை முடிந்து கைப்பேசியை எடுக்கும் நேரம் எதுவோ, அதையே அது காட்டுகிறது. அந்த நேரத்தில்தான் மற்ற எல்லோருடைய பதிவுகளும் வந்து குவிகின்றன. யூடியூப் ஸ்டூடியோவிலும் இதேபோன்ற வரைபடம் உண்டு என்றாலும், வெளியிடும் நேரம் ஒரு காணொளியின் நீண்டகாலச் செயல்பாட்டை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று அதன் உதவிப் பக்கம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் உண்மையில் பயன்பட்டவை வேறு இரண்டு எண்கள்: ஒரு பதிவை எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பவை. பார்வைகளின் எண்ணிக்கையைவிட இவை எப்போதும் சிறியவை என்பதால் கண்ணில் படாமல் போய்விடும். போதாக்குறைக்கு 2024 முதல் எல்லா வகைப் பதிவுகளுக்கும் பார்வைகளையே முதன்மை அளவீடாக இன்ஸ்டாகிராம் முன்னிறுத்துகிறது. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் பார்வை மூன்று, ரீச் (பதிவு சென்றடைந்த தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை) ஒன்று. இதை மறந்துவிட்டு மாத அறிக்கை எழுதினால், படிப்பவருக்கு ஆளே இல்லாத கூட்டத்தைக் காட்டியதாகிவிடும். ஒரு பதிவு எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பதில் பார்க்கும் நேரம், விருப்பக்குறிகள், பிறருக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் மிக முக்கியமானவை என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025-இன் தொடக்கத்தில் சொன்னார். விருப்பக்குறியை நான் இதற்குமுன் சற்று இளக்காரமாகப் பேசியதால், அதையும் அவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பரவுவது வேறு, விற்பது வேறு. எங்கள் பதிவுகளில் முடித்த ஓவியத்தைக் காட்டுபவை விருப்பக்குறிகளை அள்ளின. எந்தத் தாள் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று எளிமையாக ஒப்பிட்டுக் காட்டிய பதிவு சேமிப்புகளை அள்ளியது. சேர்க்கை பற்றிய விசாரணைகள் இரண்டாவதிலிருந்துதான் வந்தன.

இனி யூடியூப் ஸ்டூடியோ. இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே இதிலுள்ள ஒரு கோடுதான். ஒவ்வொரு காணொளிக்கும், எந்த நொடியில் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று இருக்கிறது. கோடு சரிந்தால் அந்த இடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் அல்லது தாண்டிப் போகிறார்கள். சமமாகச் சென்றால் இருந்து பார்க்கிறார்கள். மேலே எழுந்தால் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் அல்லது அந்த இடத்தைச் சுட்டிப் பகிர்கிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும்.

ஒன்பது நிமிடக் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் எங்கள் வகுப்பின் பெயரும் இசையுமாகப் பதினெட்டு நொடிகள் ஓடின. அதற்காக நான் இரண்டு இரவுகள் உழைத்திருந்தேன். கோடு அந்த இடத்தில் மலையிலிருந்து கல் உருண்டதுபோல் விழுந்திருந்தது. பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே போய், ஆறாவது நிமிடத்தில் திடீரென ஒரு சிறு மேடாக எழுந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஆசிரியர் எதையும் விளக்கவில்லை. தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, அருகிலிருந்த பழைய துணியில் இருமுறை ஒற்றி, பலகையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, வானத்தின் நீலத்தைத் தானாக வழியவிட்டார். அவ்வளவுதான். அவருக்கு அது மூச்சு விடுவதுபோன்ற பழக்கம், சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே அவர் நினைத்ததில்லை. பார்ப்பவர்களோ துணியில் எவ்வளவு நேரம் ஒற்றுகிறார் என்று எண்ணுவதற்காகத் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த மேட்டிலிருந்து மூன்று வேலைகள் பிறந்தன. பெயரும் இசையும் கொண்ட முகப்பை நான்கு நொடிகளாகக் குறைத்தேன். தண்ணீர் ஒற்றும் அந்த இருபது நொடிகளை மட்டும் தனியே வெட்டி இன்ஸ்டாகிராமில் ரீலாக ஏற்றினேன். மூன்றாவதாக, விளம்பர வாசகத்தை மாற்றினேன். “உங்களுக்குள் இருக்கும் கலைஞரைக் கண்டுபிடியுங்கள்” என்று முன்பு எழுதியிருந்தேன். அதை “தாளில் தண்ணீர் தேங்காமல் வண்ணம் பூசக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று ஆக்கினேன். முந்தைய வாசகம் எந்த வகுப்புக்கும் பொருந்தும். பிந்தையது, வீட்டில் முயன்று பார்த்துத் தாள் சுருண்டுபோய் எரிச்சலடைந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். விசாரித்து வந்தவர்களும் அப்படிப்பட்டவர்களாகவே இருந்தார்கள்.

யூடியூப் தேடலிலிருந்து வந்தவர்கள் என்னென்ன சொற்களைத் தட்டச்சு செய்து எங்கள் காணொளியை அடைந்தார்கள் என்ற பட்டியலும் ஸ்டூடியோவில் கிடைக்கிறது. சந்தை ஆய்வு என்று பெயர் வைத்துப் பணம் கேட்பவர்கள் தரும் பல அறிக்கைகளைவிட இந்தப் பட்டியல் மேலானது என்பது என் கருத்து. மக்கள் தங்கள் சொந்தச் சொற்களில், யாருக்கும் பதில் சொல்வதாக நினைக்காமல், தங்களுக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் ‘கலை’ என்ற சொல் ஏறக்குறைய இல்லை. ‘கறை’, ‘சுருக்கம்’, ‘ஏன் மங்குகிறது’ போன்ற சொற்கள் நிறைய இருந்தன. வயது, பாலினம் பற்றிய விவரங்கள் யூடியூபிலும் உண்டு என்றாலும், கணக்கில் உள்நுழைந்து பார்ப்பவர்களை மட்டும் வைத்தே அவை கணக்கிடப்படுகின்றன என்பதால் நான் அவற்றின்மேல் அதிகம் சாய்வதில்லை.

காணொளியைத் திறக்கும் முன் கண்ணில் படும் முகப்புப் படத்தைக் கண்டவர்களில் எத்தனை விழுக்காட்டினர் அதைச் சொடுக்கினார்கள் என்ற எண்ணுக்கு ஒரு சொல் மட்டும். யூடியூபில் உள்ள சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு இது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருப்பதாக யூடியூபே குறிப்பிடுகிறது. எனவே 4 விழுக்காட்டைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இவ்வகைக் கருவிகளை நம்பித் தொழில் செய்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, இவை நமக்குச் சொந்தமானவை அல்ல என்பது. பேஸ்புக் 2014-இல் ஆடியன்ஸ் இன்சைட்ஸ் என்ற கருவியை வெளியிட்டது. விளம்பரம் செய்வதற்கு முன்பே ஒரு பெரிய மக்கள் திரளின் ஆர்வங்களை அலசிப் பார்க்க அது உதவியது. வெளி நிறுவனங்கள் திரட்டிய தகவல்களை வைத்து விளம்பர இலக்கு குறிக்கும் வசதியைப் பேஸ்புக் கைவிடுவதாக 2018-இல் அறிவித்தது. ஆடியன்ஸ் இன்சைட்ஸும் 2021-இல் மூடப்பட்டது. அதே 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 14.5 வழியாக, பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர வேண்டுமானால் அவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்று விதித்ததால், விளம்பரத்தைப் பார்த்தவர்தான் பிறகு வாங்கினாரா என்று அறிவது முன்பைவிடக் கடினமாயிற்று. எண்ணே பிழையாக இருந்ததும் உண்டு: மூன்று நொடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுக் காணொளிகளின் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிட்டுவந்ததைப் பேஸ்புக் 2016-இல் ஒப்புக்கொண்டது. உடனே எழுந்து போனவர்களைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் எந்தக் கூட்டமும் ஆர்வமுள்ளதாகத்தான் தெரியும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை முக்கிய எண்களை ஒரு தாளில் நானே குறித்துவைத்துக்கொள்கிறேன்.

கட்டணச் சேவைக்கு வருகிறேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. எல்லாத் தளங்களின் விவரங்களையும் ஒரே திரையில் தருவதாகவும், ‘பார்வையாளர் தரம்’ என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் இடுவதாகவும் சொன்னார்கள். எங்களுக்கு 78 கிடைத்தது. எதற்கு 78, 22 எங்கே போயிற்று, அதை எப்படி மீட்பது என்று கேட்டேன். எங்கள் சொந்தக் கணக்கீட்டு முறை என்ற பதில் வந்தது. திரையிலிருந்த மற்ற எண்களோ இலவசமாகவே நான் பார்த்துவந்தவை, புது நிறம் பூசப்பட்டிருந்தன. நிறுத்தியபோது பழைய விவரங்களைத் தரவிறக்கவும் வழியில்லை. பத்துக் கணக்குகளை ஒருசேர நிர்வகிக்கும் முகமைக்கு ஒரே திரை என்பது நேர மிச்சம்தான். ஒன்றிரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு அது வீண்செலவு.

வாடிக்கையாளர் பட்டியலை, பேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் உரிமையாளரான மெட்டாவின் விளம்பர மேலாளரில் ஏற்றி, அவர்களைப் போன்றவர்களைத் தேடித்தரச் சொல்லும் லுக்அலைக் வசதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரே நாட்டைச் சேர்ந்த குறைந்தது 100 பேர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கிடைக்கும் கூட்டத்தின் அளவை அந்நாட்டு மக்கள்தொகையில் 1 முதல் 10 விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். விழுக்காடு குறையக் குறைய ஒற்றுமை கூடும். மின்னஞ்சல் முகவரிகள் மறைக்குறியாக மாற்றப்பட்ட பிறகே அனுப்பப்படுகின்றன என்பதும் உண்மை. ஆனாலும் நாங்கள் இன்னும் ஏற்றவில்லை. எங்கள் பழைய படிவத்தில், உங்கள் முகவரியை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம் என்ற வரியே இல்லை. அப்படிச் சொல்லாமல் வாங்கியதை இப்படிப் பயன்படுத்த ஆசிரியர் ஒப்பவில்லை. அவர் சொன்னது சரி. புதிய படிவத்தில் அந்த வரியையும், வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டத்தையும் சேர்த்திருக்கிறோம்.

ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னால் யூடியூப் ஸ்டூடியோவுக்கு நான்கரையும், இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸுக்கு மூன்றும், கட்டணச் சேவைக்கு ஒன்றும் தருவேன். காணொளி எதுவும் வெளியிடாமல் படங்களை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் இன்சைட்ஸில் சேமிப்புகளையும் அனுப்புதல்களையும் மட்டும் மூன்று மாதம் குறித்துவந்தாலே போதிய விவரம் கிடைக்கும். அத்தோடு எங்கள் சேர்க்கைப் படிவத்தில் நான் கடைசியாகச் சேர்த்த கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: “சேர வேண்டும் என்று முடிவு செய்தபோது நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” சென்ற மாதம் ஒருவர் அதில் எழுதியிருந்த விடை, “துணியில் தூரிகையை ஒற்றியது.”